'கைவிரித்துவிட்டார்கள்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முப்பது வருடமாக உங்கள் பேப்பர்தான் எங்கள் வீட்டில். குறை சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. புற்றுநோய் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், சிகிச்சைக்கு உதவி கேட்கும் குடும்பத்தைப் பற்றி என்றாலும் யாராவது பிரபலம் காலமான செய்தி என்றாலும், நடுவில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'நோய் முற்றியதால் மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர்.' உங்கள் பேப்பர் மட்டுமில்லை, எல்லாப் பேப்பரும் இப்படித்தான் எழுதுகிறது. அந்த வார்த்தையை நாங்களும் அப்படியே நம்பினோம், அதனால் என் அப்பா ஏழு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறந்தாங்கி பக்கம் கிராமம். எழுபத்து மூன்று வயதில் புராஸ்டேட் சுரப்பியில் புற்று வந்து, ஊசி, மாத்திரை என்று இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. அப்புறம் வலது இடுப்பில் வலி. முதலில் வாய்வு என்றோம், மூட்டுத் தேய்மானம் என்றோம், தைலம் தேய்த்தோம். போன் ஸ்கேனில் இடுப்பு எலும்பில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்ததும் அதுவரை பார்த்து வந்த ஆஸ்பத்திரியில், 'எலும்புல பரவிடுச்சு, வயசும் ஆச்சு, வீட்ல வச்சு நல்லா பாத்துக்கங்க' என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நோயைக் குணப்படுத்த முடியாது என்பது நிஜம்தான். ஆனால் குணப்படுத்த முடியாது என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், நாங்களும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கைவிரித்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னதே நான்தான்.

அந்த ஏழு வாரமும் அப்பாவால் படுக்க முடியவில்லை. வலது பக்கம் படுக்கவே முடியாது, மல்லாந்து படுத்தாலும் திரும்பும்போது உயிர் போகும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே சாப்பாட்டு மேஜையில் ஒரு தலையணை வைத்து, அதில் நெற்றியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். காலையில் பார்த்தால் தலையணை உறையின் தையல் அவர் நெற்றியில் கோடாகப் பதிந்திருக்கும். கால் இரண்டும் வீங்கிவிட்டது. ராத்திரி முனகல் சத்தம் கேட்காவிட்டால் எங்களுக்குப் பயம், கேட்டாலும் தூக்கமில்லை.

விஷயம் தெரிந்தது எப்படி என்றால், மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில் வந்த நர்ஸம்மா மூலமாக. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம் அது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வருவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே வந்து செய்வதும் அதில் உண்டு. அந்த அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: 'ஐயாவுக்கு இடுப்புல கரண்ட் வச்சுப் பாத்தீங்களா?'

கரண்ட் என்று நம் ஊரில் சொல்வது ரேடியேஷனைத்தான், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. ஷாக் கொடுப்பது போல ஏதோ என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதோடு, அது நோயைக் குணமாக்க வைப்பது, குணமாகாது என்று ஆனபிறகு எதற்கு என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம். நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும், வலிக்காக மட்டும், ரத்தம் நிற்பதற்காக மட்டும், மூச்சு முட்டுவதைக் குறைப்பதற்காக மட்டும் கரண்ட் வைப்பதென்பது தனி விஷயம், ரொம்பப் பழைய விஷயமும்கூட.

சரி என்று ஒரு இடத்துக்குப் போனோம். பத்து நாள் வர வேண்டும், திங்கள் முதல் வெள்ளி, இரண்டு வாரம் என்றார்கள். எங்கள் ஊரிலிருந்து போய் வர ஐந்து மணி நேரம். வாடகைக் கார் ஒரு தடவைக்கு 3,500 ரூபாய், பத்துத் தடவைக்கு 35,000. பணத்தைக் கடன் வாங்கியாவது புரட்டிவிடலாம், ஆனால் அந்த இடுப்போடு இருபது தடவை அந்த ரோட்டில் எப்படிக் குலுங்குவது? 'பத்து நாளா? இன்னிக்கு ஒரு நாள் வந்ததே போதும், விடுங்கடா' என்றார் அப்பா. விட்டுவிட்டோம். அதில் இன்னும் ஒரு வாரம் போனது.

அப்புறம் என் தங்கை மகள், நர்ஸிங் படிக்கிறவள், அவளுடைய ஆசிரியையிடம் கேட்டு வேறொரு ஆஸ்பத்திரியைச் சொன்னாள். அங்கே இருந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்கேன் படத்தைப் பார்த்தார், அப்பாவின் இடுப்பை விரலால் அழுத்திப் பார்த்தார், 'ஒரே தடவைல முடிச்சிடலாம் சார், இன்னிக்கே' என்றார். பத்து நாள் என்றார்களே என்று நான் இழுத்ததும் அவர் சொன்ன பதிலைத்தான் உங்கள் வாசகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

எலும்பில் பரவிய புற்றுக்கு, வலி மட்டும்தான் பிரச்சினை என்றால், 8 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) ஒரே ஒரு தடவை கொடுப்பதும் 30 கிரேயைப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் ஒன்றுதான். இது ஒரு டாக்டரின் சொந்த அபிப்பிராயம் இல்லை. நெதர்லாந்தில் 1,171 நோயாளிகளை வைத்து ஒரு தடவையையும் ஆறு தடவையையும் ஒப்பிட்டுப் பார்த்து 1999-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் எலும்புக்குப் பரவிய 898 பேரை வைத்து, ஒரு தடவைக்கும் பத்துத் தடவைக்கும் நடந்த ஆய்வு 2005-இல் வந்தது, அதிலும் அதே முடிவு, ஒரு தடவை வைத்தவர்களுக்கு உடனடிப் பக்கவிளைவுகளும் குறைவு. மொத்தத்தில் பத்துப் பேரில் சுமார் ஆறு பேருக்கு வலி நன்றாகக் குறைகிறது, சிலருக்கு முழுக்கவே போய்விடுகிறது. வித்தியாசம் ஒன்று உண்டு, அதையும் அந்த டாக்டர் மறைக்கவில்லை: ஒரு தடவை வைத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பிற்பாடு மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது, பல தடவை வைத்தவர்களில் அது பன்னிரண்டில் ஒருவர்தான். மறுபடி வைக்கலாம் என்பதால் அது பெரிய நஷ்டமில்லை. ஐந்தில் நாலு பேர் ஒரே பயணத்தோடு முடித்துக்கொள்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஏன் இன்னமும் பத்து நாள்? எனக்குத் தெரிந்த வரையில் பழக்கம்தான் பெரிய காரணம். தடவைக்கு இவ்வளவு என்று பில் போடுகிற இடங்களில் வேறு காரணமும் இருக்கலாம், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் நியாயமான காரணங்களும் இருக்கின்றன. எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பை விட்டு வெளியே பெரிய கட்டியாக வளர்ந்திருப்பவர்கள், இப்படிச் சிலருக்குப் பல நாள் கொடுப்பதுதான் வழக்கம். தொடை எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போய் முறிகிற நிலையில் இருந்தால் முதலில் கம்பி வைத்துவிட்டுத்தான் கரண்ட். அதனால் பத்து நாள் என்று சொல்லும் டாக்டரோடு யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். 'ஒரே தடவைல முடிக்க முடியுமா டாக்டர், முடியாதுன்னா ஏன்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். கஷ்டமெல்லாம் மல்லாந்து படுப்பதுதான். அந்தப் படுக்கை பலகை போலக் கெட்டியாக இருக்கும், மெத்தை கிடையாது. அதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மாத்திரை கொடுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டு வைத்துப் படுக்க வைத்தார்கள். முதலில் சிடி ஸ்கேன் எடுத்து, இடுப்பில் மையால் குறி போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கரண்ட் வைத்தது மூன்று நிமிடம்கூட இருக்காது. சூடு இல்லை, வலி இல்லை, ஒன்றுமே தெரியவில்லை என்று அப்பாவுக்கு ஏமாற்றமாகவே போய்விட்டது. லைன்மேன் இல்லையா, உள்ளே போகும் முன்னாலேயே மெஷினைப் பார்த்து டெக்னீஷியன் தம்பியிடம், 'இது எத்தனை கே.வி. தம்பி?' என்று கேட்டிருக்கிறார் (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்). அந்தப் பையனும் சளைக்காமல், 'அறுபது லட்சம் வோல்ட் ஐயா' என்றானாம். வீடு வரும் வரை அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார், 'நான் ஏறினதெல்லாம் நூத்திப்பத்து கே.வி. கம்பம்தான், அறுபது லட்சத்துக்கு நடுவுல படுத்துட்டு வந்திருக்கேன்.'

வீட்டுக்கு வந்ததும் பேரனைக் கிட்டே வராதே என்று விரட்டினார், உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று. அப்படியெல்லாம் இல்லை. வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, எக்ஸ்ரே எடுத்தால் தங்குகிறதா என்ன? முடி கொட்டுவதும் கரண்ட் வைக்கும் இடத்தில் மட்டும்தான், இடுப்பில் வைத்தால் தலைமுடி கொட்டாது. இதைப் பேரனுக்கும் தாத்தாவுக்கும் புரிய வைக்க இரண்டு நாள் ஆனது.

மறுநாள் ராத்திரி வலி ஏறிவிட்டது. முன்பைவிட அதிகம். அம்மா என்னைத் திட்டின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி ஒன்றிரண்டு நாள் வலி கூடிப் பிறகு இறங்கும், பயப்பட வேண்டாம் என்று. அதைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்திருந்தார். இந்த ஒரு தகவலைச் சொல்லாமல் அனுப்பினால் குடும்பம் பதறிப்போய், கரண்ட் வைத்ததால்தான் மோசமாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லும், நானே சொல்லியிருப்பேன்.

பலன் உடனே தெரியாது. ஒரு வாரம் பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது நாளோ பதிமூன்றாவது நாளோ, விடிகாலையில் எழுந்து பார்த்தால் நாற்காலி காலி. பதறிப்போய் உள்ளே ஓடினேன். அப்பா கட்டிலில், வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். மார்ஃபினை நிறுத்தவில்லை, ஆனால் பாதியாகக் குறைத்தார்கள். நோய் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது, ஈரலுக்கும் போனது. கடைசி மூன்று வாரம் தவிர மற்ற நாளெல்லாம் கட்டிலில் படுத்துத்தான் தூங்கினார், எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

என் வீட்டுக் கதை போதும். முதுகுத்தண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது இடுப்பு வலியைவிட அவசரமானது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, மார்பகப் புற்றுக்கு வைத்தியம் பார்த்தவர், முதுகு வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படுத்தால் கூடும், இருமினால் கூடும், இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினது போல இருக்கும் என்பார். பிறகு கால் துவண்டது. வீட்டில் பலவீனம் என்று நினைத்து ஹார்லிக்ஸ் கொடுத்தார்கள், வாதம் என்று எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டார்கள். சிறுநீர் அடைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. புற்று முதுகெலும்பில் பரவித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. அவர் கடைசி வரை நடக்கவேயில்லை. இப்படி நேர்ந்தால் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டு ஆரம்பித்து, ஆபரேஷனோ கரண்டோ தாமதமில்லாமல் செய்ய வேண்டும். நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள், கால் முழுக்க விழுந்த பிறகு வந்தவர்களில் எழுந்து நடப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகு வலி, கால் மரத்துப்போவது, தடுமாறுவது, மூத்திரம் மலம் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சில தடவை கரண்ட் வைத்தால் சில நாளில் ரத்தம் கட்டுப்படுகிறது. வாரா வாரம் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். வாய்ப் புற்று புண்ணாகி வெளியே தெரிகிற அளவு வளர்ந்தவர்களுக்கு இரண்டே நாளில், காலை மாலை என்று நாலு தடவை வைத்து வீட்டுக்கு அனுப்பும் முறை இருக்கிறது. நுரையீரல் கட்டி அழுத்தி ரத்தமாக இருமுகிறவர்களுக்கும், உணவுக்குழாய் அடைத்துக் கஞ்சிகூட இறங்காதவர்களுக்கும் இதனால் பலன் உண்டு.

எல்லோருக்கும் கரண்ட் வை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் என்றால், கடைசி நாட்களில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பலகையில் படுக்க வைப்பது கொடுமைதான். நுரையீரல் புற்று மூளைக்குப் பரவியவர்களுக்குத் தலை முழுக்கக் கதிர் கொடுப்பதால் பலருக்கு ஆயுளோ நிம்மதியோ கூடவில்லை என்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 538 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் சொன்னது. வேண்டாம் என்று சொல்கிற டாக்டரும் நல்ல டாக்டராக இருக்கலாம், காரணத்தைச் சொன்னால் சரி.

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள், உங்கள் மூலமாக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மையம் தொடங்கிய மாநிலம் இது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசே நடத்தும் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் மெஷின் இருக்கிறது. ஆனால் வரிசை பெரிசு. குணமாகிற நோயாளிக்கு முப்பது நாள் வைக்க வேண்டும், அவருக்கு முன்னுரிமை என்பதில் தப்பில்லை. அதற்காக மூன்று நிமிடம் தேவைப்படுகிற நோயாளி மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமா? கனடாவில் டொராண்டோவில் ஒரு புற்றுநோய் மையம், டாக்டர் பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது, கரண்ட் வைப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து அனுப்பும் ஏற்பாட்டை 1996-லேயே தொடங்கிவிட்டது. இங்கே வாரத்தில் ஒரு நாள், ஒரு மதியம், இப்படி ஒதுக்க முடியாதா? வலிக்காக வைப்பதற்குப் புது மெஷின்கூட வேண்டியதில்லை. நம் பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் போன்ற, கோபால்ட் என்ற கதிர்வீசும் உலோகத்தை வைத்து ஓடும் மெஷினே தாராளமாகப் போதும்.

மார்ஃபின் மாத்திரை கிடைப்பதும் சுலபமாக வேண்டும். அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிற மருந்து. 1985-இல் வந்த அந்தச் சட்டத்தை 2014-இல் திருத்தியது இதையும் மனதில் வைத்துத்தான். ஆனாலும் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் மாத்திரை தேடுவது ஒரு நாள் வேலையாகத்தான் இருந்தது.

போகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், கதிர்வீச்சு சிகிச்சை அதில் வருகிறது. ரயிலில் போகிறவர்களுக்கு, சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் டிக்கெட் இலவசம், கூடப் போகிறவருக்கு முக்கால்வாசி சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும்.

இனி அந்த மாதிரி செய்தி வரும்போது உங்கள் நிருபரிடம் ஒன்று சொல்லுங்கள். 'கைவிரித்துவிட்டனர்' என்று எழுதுவதற்கு முன்னால், வலிக்கு என்ன செய்கிறார்கள் என்று அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அதையும் சேர்த்து எழுதட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் அப்பா கதையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அறுபது லட்சம் வோல்ட் போனாலும் பரவாயில்லை. முதுகு வலி பற்றி எழுதியிருக்கும் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அறந்தாங்கி பக்கத்து வாசகர் ஒருவர்